ஃபோம் எக்ஸ்ரேயில் தெரியாது

என் கடை வாசலில் 'ஒரே விலை' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை நம்பி யாரும் வாங்கியதில்லை, நானும் நம்பி விற்றதில்லை. மெத்தை, திண்டு, சோபாவுக்குப் போடும் ஃபோம், இவைதான் வியாபாரம். சொன்ன விலைக்கு ஒருவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். நடை பழகியதே தராசுக்கும் கல்லாவுக்கும் நடுவில். புத்தி வேறு எப்படி இருக்கும்?

இப்படிப்பட்டவனுடைய மகளுக்கு முதுகு வளையத் தொடங்கினால் அவன் என்ன செய்வான்? அதையும் அடித்துப் பேசிக் குறைக்கத்தான் பார்ப்பான்.

மகளுக்குப் பதினாறு வயது. கடையில் அவளை எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறவியிலேயே தசைகளுக்குப் பலம் குறைந்துகொண்டே போகும் நோய். ஒன்பது வயதில் நடை நின்றது, சக்கர நாற்காலி வந்தது. பதினாலு வயதில் இடப்பக்கமாகச் சாயத் தொடங்கினாள். முதுகெலும்பு டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்:

"உங்க கடையில மெத்தையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கயிறு கட்டாம விட்டா என்ன ஆகும்?"

"சாயும்."

"எந்த மெத்தை மேல தப்பு?"

"மெத்தை மேல தப்பில்லீங்க. கயிறு இல்லை."

"அவ்வளவுதான். எலும்புல குறை இல்லை. இழுத்துப் பிடிக்கிற தசைக்குத்தான் பலமில்லை. இன்னும் சாயும்."

வளைவு ஐம்பது டிகிரியைத் தாண்டினால் ஆபரேஷன் பேச்சை எடுப்போம், அதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். ஆபரேஷன் என்றால் என்ன என்று கேட்டேன். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து இடுப்புவரை திறந்து, இரண்டு பக்கமும் கம்பி வைத்துத் திருகாணி போட்டு நிமிர்த்துவது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஐம்பது என்ற எண்ணை மட்டும் பத்திரமாக முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்தேன். கடையிலேயே அழுத்தமான ஃபோம். இடது இடுப்புக்கு அடியில் வைக்க மூன்று விரல் கனத்தில் சரிவாக ஒன்று, இடது விலாவுக்கு முட்டுக்கொடுக்க ஒன்று, வலப்பக்கம் எதிரே தாங்க ஒன்று. என் வீட்டுக்காரி மூன்றையும் இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒரு நீள உள்சட்டையில் வைத்துத் தைத்தாள். போட்டு உட்கார வைத்தால் பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்தாள். அவள் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மாவே பார்த்துவிட்டு, "நாற்காலிக்கு நல்ல ஏற்பாடு சார்" என்றார். இதுவரை ஒரு தப்பும் இல்லை.

தப்பு எக்ஸ்ரே அறையில் நடந்தது. படம் எடுப்பவர், "உலோகம் ஏதாவது இருக்கா? ஊக்கு, கொக்கி, சங்கிலி?" என்று கேட்டார்.

"ஒரு ஊசிகூட இல்லீங்க" என்றேன்.

கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை. கடைத்தெருவில் இதற்கு நேர்மை என்று பெயர். அவர் தந்த அங்கியை உள்சட்டைக்கு மேலேயே மாட்டிவிட்டோம். படத்தில் ஃபோம் ஒரு நிழலாகக்கூட விழவில்லை. முப்பத்தாறு டிகிரி. ஆறு மாதம் கழித்து முப்பத்தேழு. அதற்கடுத்து முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல சரக்கை மலிவாக முடித்த சந்தோஷத்தோடு படி இறங்கினேன்.

ஆனால் மகள் குழாயில் ஊதும் சோதனையும் உண்டு. அந்த வயதுப் பெண் ஊத வேண்டியதில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஊதுகிறாள் என்று கணக்கு. முதலில் எழுபது. பிறகு ஐம்பத்தொன்பது. கடைசியாக நாற்பத்தெட்டு.

டாக்டரம்மா இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"வளைவு கொஞ்சம்தான் கூடியிருக்கு. மூச்சு ஏன் இப்படி இறங்குது? ரெண்டும் ஒத்துப்போகலையே."

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

"இதயத்தைப் பார்க்கணும். வேற ஏதாவது இருக்கான்னு தேடணும்" என்று இரண்டு சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, "மூச்சு இன்னும் ரொம்ப இறங்கிட்டா, அப்புறம் முதுகுக்கு ஏதாவது பண்ணணும்னு நினைச்சாலும் மயக்கம் கொடுக்கவே யோசிக்கணும். அதுக்குள்ள காரணம் தெரியணும்" என்றார்.

மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் வரும்போதும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம். காரணம் இருக்கிறது. கடைக்கு வரும் போன் எல்லாம் அவள்தான் பேசுவாள். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்க நிறுத்துவாள். மறுமுனையில் இருப்பவருக்கு அது மூச்சு என்று தெரியாது. 'முடியாது' என்று சொல்லப்போகிறாள் என்று பயந்து அவரே இறங்கி வந்துவிடுவார். எங்கள் தெருவில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் உண்டு, அவள் மௌனத்திடம் ஜெயித்தவர்கள் இல்லை.

அன்று மத்தியானம் கடையில் கூட்டமில்லை. நான் ஒரு திண்டுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். தையல் மெஷினில் அவள் அம்மா.

"அப்பா."

"சொல்லு மேனேஜர்."

"அடுத்த படம்... அந்த உள்சட்டை இல்லாம எடுக்கணும்."

அளவுநாடா என் கையிலிருந்து சுருண்டு உள்ளே போய்விட்டது.

"அது எதுக்கு? அதைப் போட்டுத்தானே நாள் பூரா உக்காந்திருக்க? நீ உக்கார்றது அப்படித்தான். அதைத்தான் படம் எடுக்கறாங்க."

"கண்ணாடி போட்டுக்கிட்டு... கண் டாக்டர்கிட்ட போய்... எனக்கு நல்லாத் தெரியுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"பெரிய வக்கீல்!"

"கிழிஞ்ச மெத்தை வந்தா... என்ன பண்ணுவீங்க? கிழிசலைக் கீழ வெச்சு... விரிச்சுக் காட்டுவீங்க. அப்படித்தான்... என்னையும் விரிச்சு வெச்சிருக்கீங்க."

மெஷின் நின்றது. அவள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏங்க, படம் எடுக்கும்போது கழட்டணும்னு யாரும் சொல்லலைன்னீங்களே?"

"சொல்லலை. உலோகம் இருக்கான்னுதான் கேட்டாங்க."

"சாமர்த்தியம்!" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில் எனக்குக் காது சுட்டது. "தைச்சுக் கொடுத்தவ நான். என்னையும் சேர்த்துல்ல ஏமாத்தியிருக்கீங்க?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். இனி சுற்றி வளைத்துப் பயனில்லை. "முதுகை மேலிருந்து கீழவரை திறப்பாங்களாம்மா. கேட்ட அன்னிக்கே ஃபோமை வெட்ட உக்காந்துட்டேன். ஐம்பதைத் தாண்டாம வெச்சுக்கிட்டா போதும்னு பார்த்தேன். நாற்பத்திரண்டுங்கறது நான் அடிச்சுப் பேசி வாங்கின விலை."

"யார்கிட்ட பேசினீங்க? டாக்டர்கிட்டயா?" மகள் நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். நான், அவளைப் பெற்றவன், கடைத்தெருவில் பழம் தின்று கொட்டை போட்டவன், அந்த மௌனத்தில் வேர்த்துப் போனேன். "என் முதுகுகிட்ட பேசியிருக்கீங்க. அது கேக்கலை."

பிறகு போனை எடுத்து மருத்துவமனைக்கு அவளே பேசினாள். இரண்டு வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். "நாளை மறுநாள்" என்றாள் இவள். அப்புறம் மூச்சு வாங்கினாள். நாளை மறுநாள் பத்து மணிக்கு நேரம் கிடைத்தது.

உள்சட்டை இல்லாமல் மகளை எக்ஸ்ரே அறையில் உட்கார வைக்கும் பெட்டிமேல் தூக்கி வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. காலையில் எழுந்ததும் அதை மாட்டிவிடுவது அவள் அம்மா. அது இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்தே பல மாதமாகியிருந்தது. பிள்ளை இடப்பக்கமாக மடிந்தாள். விலா போய் இடுப்பெலும்பில் உட்கார்ந்தது. விழாமல் இருக்க இடது கையை முட்டியில் ஊன்றிக்கொண்டாள். படம் எடுப்பவர் ஒரு நொடி தயங்கி, "போன தடவை வந்தது இந்தப் பொண்ணுதானா?" என்று கேட்டார்.

அறுபத்தெட்டு டிகிரி.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் உள்சட்டையை மடியில் வைத்திருந்தாள். "அப்பா சொல்லுவாங்க" என்றாள். சொன்னேன். விலை ஏற்றாமல், இறக்காமல், நடந்ததை நடந்தபடி. வாழ்க்கையில் அவ்வளவு நேராக ஒரு விஷயத்தை நான் பேசியதே இல்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஃபோமை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா வெட்டியிருக்கீங்க."

உள்சட்டையை மடித்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு வருஷம் போச்சு சார்."

"தெரியுதுங்க."

"அங்கிக்குள்ள என்ன இருக்குன்னு எங்க ஆளுங்களும் பார்த்திருக்கணும். அதை நான் பேசிக்கறேன்." மகள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அதற்கப்புறம் என்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "பாரும்மா. ஒரு பக்க நுரையீரலுக்கு இடமே இல்லை. ஆபரேஷன் பண்ணினா போன மூச்சு திரும்பி வராது. அதை நம்பி நீ சரின்னு சொல்லாதே. இனிமே இறங்கறது மெதுவாகும்னு எதிர்பார்க்கலாம். வலி இல்லாம உக்காரலாம். ரெண்டு கையும் ஊன்றதுக்கு இல்லாம வேலைக்குக் கிடைக்கும்."

பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தனை எலும்புங்க? கொஞ்சம் குறைச்சு, பாதியோட நிறுத்திக்க முடியாதா?"

"முடியாது. மேலிருந்து இடுப்பெலும்புவரை. பாதியில நிறுத்தினா மிச்சம் சாயும்."

என் கடையில் தொங்குவது வெறும் பலகை. இந்த அம்மாவோ நிஜமாகவே ஒரே விலை.

"நான் எதை இழப்பேன்?" என்றாள் மகள்.

டாக்டரம்மா மேசையிலிருந்த பேனாவை அவளிடம் கொடுத்தார். "இதைக் கரண்டின்னு வெச்சுக்கோ. எப்படிச் சாப்பிடற?"

மகள் முழங்கையை மேசையில் ஊன்றி, முதுகை முன்னால் குனிந்து, வாயைக் கைக்குக் கொண்டுபோனாள். அவளுக்குக் கை வாய்க்கு வராது. வாய்தான் கைக்குப் போகும். நாங்கள் தினமும் பார்ப்பதுதான், ஆனால் பார்த்ததே இல்லை.

"இந்தக் குனியறது போயிடும்" என்றார் டாக்டரம்மா. "கம்பி குனியாது. நீயா சாப்பிட முடியாம போகலாம். நிறையப் பேருக்கு அப்படி ஆகியிருக்கு."

அவள் அம்மா என் கையைப் பிடித்தாள். மகள் பேசவில்லை. நான் ஆவலோடு காத்திருந்தேன், இந்த மௌனத்துக்கு டாக்டரம்மாவும் இறங்குவார் என்று. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவசரமே இல்லை. கடைசியில் முதலில் பேசியது என் மகள். அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கம்பியை நேராத்தான்... வைக்கணுமா?"

டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். "பக்கவாட்டுல நேரா. முன்னாடி பார்த்து லேசா வளைச்சுதான் வைப்போம்."

"அந்த லேசை... கொஞ்சம் கூட்ட முடியுமா?"

"ரொம்பக் கூட்டினா உக்காந்தா மூக்கால விழுவே." யோசித்தார். "தலை இடுப்புக்கு நேரா நிக்கணும், அதுக்குள்ள எவ்வளவு தர முடியுமோ தரேன். கழுத்தைத் தொட மாட்டேன். கழுத்து உன்னோடது."

"எடுத்துக்கறேன்" என்றாள் மேனேஜர்.

மறுபேச்சில்லாத இடத்தில் பேசி இரண்டு சரக்கு வாங்கிவிட்டாள். எனக்கு அழுவதா, கை தட்டுவதா என்று தெரியவில்லை.

மயக்கம் கொடுக்கும் டாக்டர் தனியாக நிபந்தனை போட்டார். இப்போது மூச்சு நாற்பத்தாறு. எட்டு வாரம் அவகாசம். நாற்பதுக்குக் கீழே போகக் கூடாது, எடை மூன்று கிலோ ஏற வேண்டும், சளியை வெளியே தள்ளும் மெஷினும் தூங்கும்போது மூச்சுக்கு உதவும் முகமூடியும் இப்போதே பழக வேண்டும்.

அந்த எட்டு வாரமும் எங்கள் வீடு ஒரு பட்டறை மாதிரி நடந்தது. காலையில் மெஷின் அவள் நெஞ்சுக்குள் காற்றை அடித்து உறிஞ்சும். பார்ப்பவருக்குத்தான் கண்ணீர் வரும், அவள் முடித்துவிட்டு, "அடுத்து" என்பாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை பால், முட்டை, பழம். அவள் அம்மா கிண்ணத்தோடு நின்றால், "என்னை என்ன சந்தைக்கா அனுப்பப் போற?" என்பாள், ஆனால் வாயைத் திறப்பாள். மூன்றாவது வாரம் சளி பிடித்தது. ஊதினால் நாற்பத்தொன்று. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பினேன், பேச வாய் வரவில்லை. அவள் மட்டும் மெஷினை ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து ஆறு தடவையாக்கினாள். யாரையும் கேட்கவில்லை.

எட்டாவது வாரம் ஊதும் சோதனை நாற்பத்தைந்து. எடை பார்க்கும் இடத்தில்தான் சிக்கல். சக்கர நாற்காலியோடு ஏற்றி, நாற்காலி எடையைக் கழிக்கும் மேடை அது. நர்ஸ் எழுதி வைத்திருந்த எண்ணுக்கு இருநூறு கிராம் குறைந்தது.

நர்ஸ் பேனா தேடத் திரும்பினார். என் சட்டைப்பையில் கடைச் சாவிக்கொத்து. கனமான கொத்து. நாற்காலிக்குப் பின்னால் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது, வாய் திறந்தபடி. என் கை சாவியைத் தொட்டுவிட்டது, மறைக்க மாட்டேன்.

"அப்பா" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே.

கையை எடுத்தேன். "இருநூறு கிராம் குறையுதுங்க" என்று நர்ஸிடம் நானே சொன்னேன். மயக்க டாக்டர் வந்தார், எண்ணைப் பார்த்தார், மகளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். "இருமு" என்றார். இருமினாள், அறை அதிர. "இது போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம். காத்திருக்கும் அறையிலிருந்த நாற்காலிகளின் ஃபோம் மட்டமான சரக்கு, உட்கார்ந்த அரை மணியில் பலகை குத்தியது. அதைத் தவிர அந்த நாளைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. நாலு நாள் தீவிர சிகிச்சை. மூக்குக் குழாய், வலி, ஒரு நாள் காய்ச்சல். அறுபத்தெட்டு இருபத்தொன்றாகியிருந்தது. டாக்டரம்மா அதை வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

ஆறாம் நாள் காலையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எந்த முட்டும் இல்லாமல், எந்த ஃபோமும் இல்லாமல், கை இரண்டும் மடியில் சும்மா கிடக்க உட்கார்ந்தாள். முன்பைவிட ஒரு சாண் உயரம். முகம் வெளுத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தனை நாள் உங்க தொப்பையைத்தான்... பார்த்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு மீசை இருக்கறதே... மறந்துபோச்சு."

"மீசை நரைச்சிருச்சு மேனேஜர்."

"தெரியுது. கரண்டி எங்க?"

வார்டில் பயிற்சி கொடுக்கும் அம்மா புதியவர், "இன்னிக்கு உக்காந்ததே போதும். நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். மகள் அவரைப் பார்த்து மூச்சு வாங்கினாள். பாவம், அவருக்கு அனுபவமில்லை, கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

முழங்கையை ஊன்றினாள். கரண்டியில் கூழை எடுத்தாள். தூக்கினாள். முதுகு வரவில்லை. பழைய பழக்கத்தில் உடம்பு குனியப் பார்த்தது, கம்பி விடவில்லை. கரண்டி முகவாய்க்குக் கீழே நாலு விரல் தள்ளி நின்று நடுங்கியது. நான் என்னையறியாமல் கையை நீட்டினேன்.

"கையை எடுங்க."

எடுத்தேன்.

"மேசையை ஏத்துங்க."

மேசையின் கைப்பிடியைச் சுற்றினேன். நாலு விரல் மூன்றானது. "இன்னும்" என்றாள். சுற்றினேன். தோள் உயர்ந்து வலித்தது போலிருக்கிறது, உதட்டைக் கடித்தாள். "கொஞ்சம் இறக்குங்க. அங்க. நிறுத்துங்க." இப்போது இரண்டு விரல். அதற்கு மேல் மேசையால் முடியாது. கழுத்தைக் குனிந்தாள். தொடாமல் விட்டுத் தந்த கழுத்து, மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டு போவது போல இறங்கியது. கரண்டி உதட்டில் பட்டது. பட்ட அதிர்ச்சியில் கவிழ்ந்தது. கூழ் முழுவதும் முகவாயிலும் அங்கியிலும்.

மறுபடி எடுத்தாள். அதுவும் கொட்டியது. மூன்றாவதில் கொஞ்சம் உள்ளே போனது. எவ்வளவு என்று என்னைக் கேட்டால், நாக்கு நுனி நனையும் அளவு. விழுங்கினாள். கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். இந்த முறை அது நிஜமாகவே மூச்சுதான்.

அவள் அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"துடைக்காதேம்மா" என்றாள் மகள், கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டுக்கொண்டே. "இன்னும் கொட்டும்."